ரிப்பன் மாளிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலைய வட்டாரத்துப் பழைய கட்டடங்களைப் பார்க்க ஆட்களை அழைத்துப் போவது என் வழக்கம். கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று யார் வந்தாலும், ரிப்பன் மாளிகை முன்னால் நின்றதும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

ரிப்பன் பில்டிங்னா எது? அந்தச் சிவப்புக் கட்டடமா, வெள்ளைக் கட்டடமா?

வெள்ளைக் கட்டடம். சென்ட்ரலிலிருந்து ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் எழும்பூர் திசையில் நடந்தால் முதலில் வரும் செங்கல் நிறக் கட்டடம் விக்டோரியா பொது அரங்கம். அதை ஒட்டி, நடுவில் கடிகாரக் கோபுரத்தோடு நீளமாக நிற்பதுதான் ரிப்பன் மாளிகை.

இரண்டையும் குழப்பிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. சிவப்புக் கட்டடத்துக்கு 'டவுன் ஹால்' என்றுதான் பெயர் வழங்கியது. நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1880-களில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, நிதி திரட்டிக் கட்டியது அது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஸம். விவேகானந்தர் 1897-இல் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. கூட்டமும் கலையும் அங்கே நடந்தன; மாநகராட்சியின் நிர்வாகம் நடப்பது வெள்ளைக் கட்டடத்தில்.

இது கலெக்டர் ஆபீஸா? உள்ளே என்னதான் நடக்குது?

கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. இது பெருநகர சென்னை மாநகராட்சியின் தலைமையகம். மேயர், ஆணையர் அலுவலகங்களும், வார்டு உறுப்பினர்கள் கூடும் மாமன்றக் கூடமும் இங்கேதான். சொத்து வரி, பிறப்பு, இறப்புச் சான்றிதழ் போன்ற வேலைகள் மண்டல அலுவலகங்களிலும் இணையத்திலும் முடிந்துவிடுவதால், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் இதன் படியேறியதில்லை.

ரிப்பன் யாரு? அவரா இதைக் கட்டினார்?

ரிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராய். கட்டடத்தை அவர் கட்டவும் இல்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை. 1909 ஜூலையில் இங்கிலாந்தில் இறந்துபோனார். அதே ஆண்டு டிசம்பரில்தான் அப்போதைய வைஸ்ராய் மின்டோ அடிக்கல் நாட்டினார். கட்டி முடித்து 1913 நவம்பர் 26 அன்று திறந்து வைத்தவர் அடுத்த வைஸ்ராயான ஹார்டிஞ்ச்.

பிறகு ஏன் அவர் பெயர்? 1882-இல் உள்ளாட்சி பற்றி ரிப்பன் வெளியிட்ட தீர்மானம்தான் காரணம். ஊர்க் காரியங்களை அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே கவனிக்க வேண்டும், அதில் அதிகாரிகளின் கை ஓங்கியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய, முந்தைய வைஸ்ராய் லிட்டன் காலத்துச் சட்டத்தை நீக்கியவரும் அவரே. 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று அன்றைய சென்னை மக்கள் முழங்கியது சும்மா இல்லை.

மாநகராட்சி 1688-லயே வந்துடுச்சுன்னு சொல்றாங்க. அப்போ இது முன்னூறு வருஷத்துக் கட்டடமா?

மாநகராட்சிதான் முன்னூறு ஆண்டைத் தாண்டியது, கட்டடம் அல்ல. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின்படி மாநகராட்சி உருவாகி, 1688 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். அன்றைய மாநகராட்சியின் எல்லை புனித ஜார்ஜ் கோட்டையும், அதிலிருந்து பத்து மைலுக்கு மிகாத சுற்றுப்புறமும்தான்.

கட்டடம் நூற்றாண்டைக் கடந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. செய்திகளில் 'முந்நூறு ஆண்டுப் பாரம்பரியம்' என்று வரும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன.

அதுக்கு முன்னாடி மாநகராட்சி எங்கே இருந்துச்சு? இவ்வளவு தூரம் ஏன் வந்தாங்க?

இங்கே வருவதற்கு முன் ஜார்ஜ் டவுனில், எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது. இன்று அந்தத் தெருவில் நடந்து பார்த்தாலே, வளர்ந்துகொண்டிருந்த ஒரு நகரத்தின் நிர்வாகத்துக்கு அந்த இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும் என்று புரியும்.

'இவ்வளவு தூரம்' என்று இன்று கேட்கிறோம். அன்று இது பரந்த பூங்கா நிலம். கவர்னர் ட்ரெவெல்யன் 1859-60 வாக்கில் தொடங்கிவைத்த மக்கள் பூங்கா, நூறு ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடந்தது. குளங்கள், வாத்தியக் குழு மேடை, பிறகு மிருகக்காட்சி சாலை என்று ஊருக்கே பொழுதுபோக்கு இடம். விக்டோரியா அரங்கம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, பின்னாளில் நேரு விளையாட்டரங்கம் எல்லாம் எழுந்தது அந்தப் பூங்கா வட்டாரத்தில்தான். பூங்காவில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். பெரியமேடு பக்கம் உள்ள 'மை லேடீஸ் பூங்கா'வைப் பார்த்தால் பழைய பசுமையைக் கொஞ்சம் ஊகிக்கலாம். நல்ல கட்டடங்கள் கிடைத்தன, உண்மைதான். ஆனால் அவற்றுக்காக நகரம் கொடுத்த விலையும் பெரியது என்றே நினைக்கிறேன்.

நம்பெருமாள் செட்டியார் கட்டினதுதானே? எவ்வளவு செலவாச்சு?

நம்பெருமாள் செட்டியார் கட்டியது பக்கத்தில் உள்ள விக்டோரியா அரங்கம். அந்தக் காலத்துச் சென்னையின் பெரிய சிவப்புக் கட்டடங்கள் பலவற்றில் அவர் கை இருப்பதால், எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ரிப்பன் மாளிகையை வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார். மொத்தச் செலவு 7.5 லட்சம் ரூபாய். அதில் 5.5 லட்சம் லோகநாத முதலியாருக்குத் தரப்பட்டது.

சுமார் 85 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், மூன்று தளங்கள், 130 அடிக்கு மேல் உயர்ந்த கோபுரம். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேல்தளத்தைத் தாங்குவது தேக்கு உத்தரங்கள். தரையில் முதலில் இருந்தது கடப்பைக் கல். பிறகு பளிங்கு போட்டார்கள். கடப்பைக் கல்லை விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். சென்னை வெயிலுக்கும் நடமாட்டத்துக்கும் அதைப்போல ஒத்துப்போகும் கல் வேறு இல்லை.

இதுவும் இந்தோ-சாரசனிக் பாணிதானே?

இல்லை. உயர் நீதிமன்றத்தையோ எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தையோ பாருங்கள்: சிவப்புச் செங்கல், குவிமாடங்கள், முகலாயக் கட்டடங்களை நினைவூட்டும் வளைவுகள். அதுதான் இந்தோ-சாரசனிக். ரிப்பன் மாளிகை கிரேக்க, ரோமானிய மரபிலிருந்து எடுத்த புதுச்செவ்வியல் பாணி. வரிசைத் தூண்கள், சமச்சீரான முகப்பு, வெள்ளைப் பூச்சு.

தூண்களின் தலைப்பகுதியை நின்று கவனியுங்கள். சிலவற்றில் ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் சுருண்ட வளையம் இருக்கும், அது அயோனிக். இலைக்கொத்து விரிந்தது போல இருந்தால் கொரிந்தியன். கல்லில் செதுக்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். சுவர் செங்கல் என்று மேலே சொன்னேன். இந்த வேலைப்பாட்டில் பெரும்பகுதி செங்கல்மேல் சுண்ணாம்புக் காரையை வைத்துக் கொத்தனார்கள் கையால் உருவாக்கியது.

அந்தக் கடிகாரம் ஓடுதா, சும்மா அழகுக்கா?

ஓடுவதற்காக வைத்த கடிகாரம். முகம் எட்டு அடி விட்டம். மவுண்ட் ரோட்டில் பெரிய வணிக நிறுவனமாக இருந்த ஓக்ஸ் அண்ட் கோ 1913-இல் நிறுவியது. மணிகளை வார்த்தது இங்கிலாந்தின் கில்லெட் அண்ட் ஜான்ஸ்டன். கால் மணிக்கு ஒரு முறை, லண்டன் பிக் பென் கடிகாரத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டில் ஒலிக்கும் அமைப்பு. மின்சாரம் இல்லை, தினமும் ஆள் ஏறிப்போய்ச் சாவி கொடுக்க வேண்டும். பகலில் பேருந்து இரைச்சலில் மணிச்சத்தம் அமுங்கிப்போகும். விடிகாலை ரயிலுக்கு சென்ட்ரல் வருகிறவர்கள் காது கொடுத்துக் கேட்கலாம்.

முன்னாடி நிக்கிற சிலை ரிப்பனோடதா?

கோட்டும் தலைப்பாகையுமாக நிற்பவர் சர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியின் தலைவர், தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர். அதிகாரி அல்லாத, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாநகராட்சித் தலைவர் அவர்தான். ரிப்பன் 1882-இல் எழுதியது இந்த முற்றத்தில் நடைமுறைக்கு வந்தது இவர் காலத்தில்.

அப்போது அந்தப் பதவியின் பெயர் 'தலைவர்'. 1933-இல் அது மீண்டும் 'மேயர்' ஆனது. அப்படி மீண்டும் வந்த மேயர் பதவியில் முதலில் அமர்ந்தவர் ராஜா சர் முத்தையா செட்டியார். 1956-இல் தாரா செரியன் முதல் பெண் மேயர் ஆனார். 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் மாமன்றக் கூடம் இருந்தது, மாமன்றம் இல்லை. இதைச் சொன்னால் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

சுவர் பேர்ந்தா சிமென்ட் பூசி நல்ல பெயின்ட் அடிச்சா போதாதா? அதுக்கு எதுக்கு நிபுணர்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பழைய கட்டடங்களை வெயிலும் மழையும் கெடுப்பதைவிட, நல்லெண்ணத்தோடு பூசப்படும் சிமென்ட் அதிகம் கெடுக்கிறது.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூச்சோ எண்ணெய் பெயின்ட்டோ ஏறினால், வியர்க்கும் உடம்புக்கு ரெக்சின் சட்டை போட்ட கதைதான். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லிலேயே தங்கும். கடற்கரை ஊரில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். உப்பு படிகமாகும்போது செங்கல்லின் மேல்தோலை உள்ளிருந்தே உதிர்க்கும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம் வரும்; விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். அந்த வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடித்து, எது வரை உரிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்தான் இங்கே நிபுணர். பட்டம் வாங்கிய பொறியாளராகவும் இருக்கலாம், மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு அரைத்த கொத்தனாராகவும் இருக்கலாம்.

அதைவிட ஆபத்தானது மேல்தளம். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்குத்தாக அடுக்கிய சன்னச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டையான ஓடு: இப்படிப்பட்ட தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். நடுவில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை நனைந்தால் யாருக்கும் தெரியாது. இற்றுப்போன பிறகே தளம் தொய்யும். மழைநீர்க் குழாயில் ஒரு கைப்பிடி சருகு அடைத்தாலே இதற்குப் போதும்.

கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் போட்டுப் பூசுவாங்களாமே, அது உண்மையா?

பழைய முறை அதுதான். இன்றும் பாரம்பரியக் கட்டட வேலைகளில் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்க்கிறார்கள். கலவை பிடிப்பாக இறுகவும், மெதுவாக உலர்ந்து வெடிப்பு விடாமல் இருக்கவும் அது உதவுகிறது. மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சின் கண்ணாடி போன்ற மழமழப்புக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள்.

ஆனால் கடுக்காயைவிட முக்கியம் நேரம். சுண்ணாம்பைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, பூசிய பிறகும் ஒவ்வொரு பூச்சும் ஆற விட வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது மறுபடி கல்லாகிறது. ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று எழுதிவிட்டு இந்த வேலையை எதிர்பார்த்தால் நடக்காது.

2012-ல கோடிக்கணக்குல செலவழிச்சாங்களே. அந்தக் காசுக்குப் புதுசாவே கட்டியிருக்கலாமே?

நூற்றாண்டை ஒட்டி 2012-இல் தொடங்கிய சீரமைப்புக்கு சுமார் 7.7 கோடி ரூபாய், ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ். மேலே சொன்ன தேக்கையும், கையால் செய்த காரை வேலையையும் அந்தத் தொகைக்கு இன்று எவராலும் கட்டித்தர முடியாது.

புதிதாகவும் கட்டத்தான் செய்தார்கள். வளாகத்தின் பின்புறம் அம்மா மாளிகை எழுந்தது. பல துறைகள் அங்கே போயின. அது சரியான முடிவு. பழைய கட்டடத்தின் பாரம் குறைந்தது. வராந்தாவை மறித்துப் போட்ட பலகைத் தடுப்பு, சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய ஏ.சி. பெட்டி, கொத்துக்கொத்தான வயர், உத்தரத்தின்மேல் ஏற்றிய கோப்பு அலமாரி ஆகியவைதான் இந்த வயதுக் கட்டடங்களின் அன்றாட எதிரிகள்.

மெட்ரோ சுரங்கம் தோண்டினப்போ ஆபத்து வரலையா?

பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. சென்ட்ரல் சுரங்க நிலையம் கிட்டத்தட்ட வாசலிலேயே அமைந்தது. மாளிகையின் முன்புற நிலத்தில் ஒரு பகுதி பல ஆண்டுகள் தகரத் தடுப்புக்குள் கிடந்தது. சாலையிலிருந்து முகப்பு முழுதாகத் தெரியாத காலம் அது. ஆழமாகத் தோண்டும்போது சுற்றியுள்ள மண்ணில் நீர்மட்டம் இறங்கினால் பழைய அஸ்திவாரம் சமமில்லாமல் அமரும். சுவரில் வெடிப்பு விடும். அதனால்தான் இத்தகைய வேலைகளில் பழைய கட்டடங்களின் சுவர்களில் அளவுக்கருவிகளைப் பதித்துக் கண்காணிக்கிறார்கள்.

2018-இல் சென்ட்ரல் வரை சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. மாளிகை நிற்கிறது. ஆனாலும் மண் அசைவு வேலை முடிந்த அன்றே நின்றுவிடுவதில்லை. வெடிப்புகளைத் தொடர்ந்து அளந்து குறித்துவைப்பது இனி நிரந்தர வேலை.

இது தொல்லியல் துறை பாதுகாக்கிற கட்டடமா? யாரும் இடிக்க முடியாதுதானே?

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னம் அல்ல. மாநகராட்சியின் சொத்து; பராமரிக்கும் பொறுப்பும் அவர்களுடையது. சென்னையில் பெரும் பதாகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. அதையொட்டி 2010-இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அத்தகைய கட்டடங்களில் கை வைக்கும் முன் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலைக்கு வழிசெய்தது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. சட்டம் இடிப்பதைத் தடுக்கும். கவனிக்காமல் விடுவதைத் தடுக்க அதனால் முடியவில்லை.

ஆபீஸை எல்லாம் வேற இடத்துக்கு மாத்திட்டு இதை மியூசியமா ஆக்கிடலாமே?

கேட்பவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் நான் இதை ஏற்கவில்லை. பக்கத்துச் சிவப்புக் கட்டடத்தையே பாருங்கள். நிலம் மாநகராட்சியுடையது, 99 ஆண்டுக் குத்தகை 1985-இல் முடிந்தது. அதன்பின் உரிமைச் சிக்கலும், அரைகுறைப் பயன்பாடுமாகப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கடைசியில் 2023-இல் 32.62 கோடி ரூபாய்த் திட்டமாக சீரமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. ரிப்பன் மாளிகைக்கு ஆனதைப் போல நான்கு மடங்குக்கு மேல். விலைவாசி ஏறியதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரியது.

தினமும் ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றே யாராவது சத்தம் போடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் ஒழுகுவதைக் கேட்க ஆள் இல்லை. துறைகளைக் குறைக்கலாம், குறைத்திருக்கிறார்கள். மேயரும் மாமன்றமும் இங்கேயே இருக்க வேண்டும்.

மூர் மார்க்கெட் எரிஞ்ச மாதிரி இதுவும் எரிஞ்சு போயிடாதா?

மூர் மார்க்கெட் 1900-இல் திறந்தது. 1985 மே மாதம் எரிந்தது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் வளாகம் இருக்கிறது. அதன் சிறிய மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. 2012-இல் சேப்பாக்கத்தில் பழைய நவாப் அரண்மனையான கலச மகாலிலும் தீ பிடித்தது. சுவர்கள் தப்பின, பிறகு மீட்டார்கள்.

தேக்கும் காகிதமும் பழைய வயரிங்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஆபத்து எப்போதும் உண்டு. கோப்புகளை வெளியே கொண்டுபோவதும், மின்கம்பிகளை மாற்றுவதும், வெளியேறும் வழிகளை மறிக்காமல் வைப்பதும் பூச்சு வேலையைவிட அவசரம்.

வெள்ளைக்காரன் பேரை இன்னும் எதுக்கு வச்சிருக்கணும்?

தெருப் பெயர்களும் ஊர்ப் பெயரும் மாறிய நகரத்தில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ரிப்பன் ஆளவந்த அரசின் பிரதிநிதி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்று மேலே சொல்லியிருக்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடும் மன்றத்துக்கு, அந்தத் தேர்தலுக்கு வாதாடியவர் பெயர் பொருந்தாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலில் தியாகராயர் நிற்கிறார். மாடியில் இரு நூறு வார்டுகளின் உறுப்பினர்கள் அமர்கிறார்கள். பெயர் அவர்களை எந்த விதத்திலும் சிறுமைப்படுத்தவில்லை.

உள்ளே போய்ப் பார்க்கலாமா? ஏதாவது கெட்டுப்போயிருந்தா யார்கிட்ட சொல்றது?

வேலை நடக்கும் அலுவலகம். நினைத்தபடி அறை அறையாகச் சுற்ற முடியாது. குழுவாக வருவதானால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். தூண் தலைப்பு, கோபுரம், காரை வேலை என்று வெளியிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில் புடைப்பு வேலை நன்றாகத் தெரியும். சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் இரவில் வண்ண விளக்கு போடுவார்கள்.

கார்னிஸ் எனும் சுவர் விளிம்புப் பட்டையின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தாலோ, குழாய் உடைந்து சுவரில் பாசி வழிந்திருந்தாலோ படம் எடுத்து மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குச் சொல்லுங்கள். கட்டடம் திறந்த ஆண்டும் அதுவே, மறக்காது. கன்று சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்தால்தான் உண்டு. தண்டை மட்டும் வெட்டினால் வேர் செங்கல்லுக்குள் தடித்துக்கொண்டே போகும். அதனால் எந்தப் பக்கம், எந்தத் தளம், எத்தனையாவது சன்னல் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்.